இரண்டு சரிக்குறிகள்

காலை ஒன்பது இருபதுக்கு அக்காவின் அழைப்பு வந்தது. லண்டன் மோர்டனில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையின் பின்மேசையில் நின்று, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு கிழமைக்குரிய குளிசைகளை நாள்வாரியாகத் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தேன். கடிகாரம் நேரெதிரே சுவரில் இருந்தது. அக்கா அந்த நேரத்தில் அழைப்பவள் இல்லை. அங்கே அப்போது பின்னேரம் மூன்று மணிக்குக் கிட்ட. அவள் தையல் மெஷினில் இருக்கும் நேரம்.

"பிள்ளையளுக்குக் காய்ச்சல்," என்றாள். "ரெண்டு பேரையும் வாட்டிலை மறிச்சுப் போட்டினம்."

எங்கள் குடும்பத்தில் காய்ச்சல் என்றால் ஆமி, அதாவது இராணுவம், பிடித்துவிட்டது என்று பொருள். வாட் என்றால் முகாம், டொக்டர் என்றால் முகாம் அதிகாரி, பெரியாஸ்பத்திரி என்றால் பயங்கரவாதம் விசாரிக்கும் பொலிஸ். சண்டைக் காலத்தில் போனில் யாரோ தொடங்கிய பேச்சு, சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் எங்களை விட்டுப் போகவில்லை. உண்மையாகவே காய்ச்சல் வந்தால் நாங்கள் தடிமன் என்றுதான் சொல்லுவோம்.

இரண்டு பேர் என்றது என் மகளையும் அக்காவின் மகனையும். மகள் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். வேலையில் லீவு எடுத்துக்கொண்டு முதல் தடவையாகத் தனியே ஊருக்குப் போயிருந்தாள். அக்காவின் மகன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். அவள் போன நாளிலிருந்து தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றித் திரிந்தான். அவளுக்கு அவன் அண்ணா. அவனுக்கு நான் சின்னம்மா.

"எங்கை வைச்சு?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணிக் கடையிலை."

அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையில்லை. கண்டி வீதியோரமாக இருந்த எங்கள் அப்பாவின் காணியில் இப்போது முகாம் இருக்கிறது. முகாமின் வீதிப் பக்கமாக ஆமியே ஒரு தேநீர்க் கடை நடத்துகிறது. கொழும்பு பஸ்கள் அங்கே நிற்கும். தேத்தண்ணி, ரோல்ஸ், வடை எல்லாம் மலிவு. கடைக்குப் பின்னால், முட்கம்பிக்கு அப்பால், எங்கள் கிணறு. மகள் தேத்தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறாள். பிறகு கடையைச் சுற்றிப் பின்னுக்குப் போய்க் கம்பிக்குள்ளால் கிணற்றைப் படம் எடுத்திருக்கிறாள். வீதியில் கச்சான் கடலை விற்கும் மனிசி ஓடிவந்து அக்காவிடம் சொல்லியிருக்கிறா.

"டொக்டர் என்னவாம்?"

"டொக்டரைக் காணேல்லை. வாசலிலை நிக்கவும் விடேல்லை. நான் திரும்பி வந்திட்டன்."

"பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிப் போடுவினமோ?"

முகாமில் பிடித்தவர்களை விட்டுவிடவும் கூடும். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அந்தச் சட்டம். வழக்கு வைக்காமல், அமைச்சரின் ஒரு கையெழுத்தின் மேல், ஒரு ஆளை மாதக்கணக்கில் வைத்திருக்க விடும் சட்டம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அது இருந்தது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள்.

"சரி, வை," என்றாள் அக்கா. "கனக்கக் கதைக்கக் கூடாது."

நான் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அடுத்து நான் செய்ததைச் சொல்லுவதற்கு முன்னால், அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று விளங்காது.

ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சாமான் அடுக்குவதற்கு முன்னால் போனைத் துடைக்க வேண்டும். லண்டனில் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். சொக்லேட், பால்மா, அக்காவுக்குக் கம்பளிச் சால்வை எல்லாம் பிறகு. முதலில் போன். ஆர்ப்பாட்டத்தில் எடுத்த படங்கள், கொடி தெரிகிற படங்கள், நவம்பர் மாதத்துப் படங்கள், யார் யாரோ சேர்த்துவிட்ட குழுக்கள். மகளும் நானும் குசினி மேசையில் இருந்தோம். அவள் போனைத் தர மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இஞ்ச பிறந்தனான் அம்மா. என்ன செய்யப் போறாங்கள்?"

"ஒண்டும் செய்ய மாட்டாங்கள். போனைத் தா."

"ஒண்டும் செய்ய மாட்டாங்கள் எண்டால் ஏன் துடைக்கிறீங்கள்?"

"ஒண்டும் செய்யாமல் இருக்கத்தான்."

அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய அப்பா வாசலில் நின்று, எதற்கும் வாதாடும் அவளைக் காட்டி, "வழக்கறிஞரம்மா தோத்துப் போனா," என்றார்.

ஆனால் அவள் விடவில்லை. பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் பதாகையோடு நின்ற பிள்ளை அவள். அந்தச் சட்டத்தை எடுக்க வேண்டும், ஆமி காணிகளை விட்டுப் போக வேண்டும் என்று எழுதிய பதாகை. "இதைத்தான் நான் சொல்லுறன். நீங்கள் லண்டனிலை இருந்துகொண்டு என்ர படங்களை அழிக்கிறீங்கள். அப்ப அந்தச் சட்டம் இஞ்சையும் இருக்கெல்லே?"

"சட்டம் இருந்தால் இருக்கட்டும்," என்றேன். "நாங்கள் கவனமா இருந்தால் அது எங்களை ஒண்டும் செய்யாது. எத்தினை சனம் போய் வருது."

நான் அப்படித்தான் நம்பியிருந்தேன். சட்டத்தை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று மண்டபங்களில் கூட்டம் வைத்துக் கதைக்கும்போது நான் பின்வரிசையில் இருந்துவிட்டு மனுவில் கையெழுத்து வைக்காமல் வந்துவிடுவேன். அக்கா அங்கே இருக்கிறாள். என் கையெழுத்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் வரக்கூடாது. சட்டத்தை எடுப்பது பெரிய ஆட்களின் வேலை, கவனமாக இருப்பது எங்கள் வேலை என்பது என் எண்ணம். பின்னேரம் முழுக்க இருந்து அவள் போனைத் துடைத்தேன். பால் கறை போக மேசையைத் துடைக்கிற மாதிரி மூலை மூலையாகத் துடைத்தேன்.

துடைக்காமல் விட்டது ஒன்று. அது அவள் போனில் இல்லை.

என் தம்பி இயக்கத்துக்குப் போனவன். திரும்பி வரவில்லை. அவனுடைய உடலும் வரவில்லை. ஒவ்வொரு நவம்பரும் இங்கே ஒரு மண்டபத்தில் இறந்துபோனவர்களின் படங்களை வரிசையாக வைப்பார்கள். நான் போய் அவன் படத்துக்கு முன்னால் பூ வைத்துவிட்டு வருவேன். அக்காவுக்கு அவன் படத்தை வீட்டில் வைத்திருக்கப் பயம். போன நவம்பரில் அவள்தான் கேட்டாள், "ஒருக்கா அனுப்பு. பாத்திட்டு உடனை அழிக்கிறன்." நான் பூ வைப்பதை மகள் எடுத்த படத்தை எங்கள் வீட்டுக் குழுவில் போட்டேன். அக்காவின் மகன் தொடங்கிய குழு அது. நான்கைந்து பேர்தான். அக்கா சொன்னபடி பார்த்துவிட்டு அழித்தாள். அவள் மகன் அழித்திருக்க மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் மாமாவைக் கண்டதில்லை. அந்த ஒரு படத்தில்தான் கண்டிருக்கிறான்.

மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபோது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. மகளின் போன் வெறும் போன். அவனுடைய போனில் தம்பி இருக்கிறான், பூவோடு இருக்கிறான், பூ வைக்கிற கை என்னுடையது. ஒருவேளை அவர்களை இன்னும் வாசலில் ஒரு வாங்கில் இருத்தி வைத்திருக்கலாம். ஒருவேளை போனை இன்னும் வாங்கியிருக்க மாட்டார்கள். அழிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? குழுவில் இருந்த படத்தை நான் இங்கிருந்து எல்லாருக்குமாக அழிக்கப் பார்த்தேன். கனநாளாகிவிட்டதால் முடியவில்லை. அதனால் அவனுக்குத் தனியாக எழுதினேன்.

மகன், மாமாவின்ர படத்தை உடனை அழி.

அனுப்பியதும் ஒரு சரிக்குறி விழுந்தது. பிறகு இரண்டாவது. இரண்டும் சாம்பல் நிறம். போய்ச் சேர்ந்துவிட்டது, வாசிக்கவில்லை என்று அர்த்தம். நான் அந்த இரண்டு குறிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலமாகவில்லை. போன் அவன் கையில் இல்லாவிட்டால்? அழுத்திப் பிடித்து, எல்லாருக்குமாக அழி என்பதைத் தொட்டேன். நான் எழுதியது போய், செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது.

அதைப் பற்றி நான் யாருக்கும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தபால் பிரிக்கிற இடத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். செய்தியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றாமலே, "துடைச்சு அனுப்பினது நல்லதாப் போச்சு. உமக்குத்தான் நன்றி சொல்லவேணும்," என்றார்.

அடுத்த நாள் அக்கா அழைத்து, பெரியாஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். இரண்டு பேரையுமே.

பிரிட்டிஷ் தூதரகத்தோடு கதைக்கிற வேலை எனக்கு. வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும். தொலைபேசியில் வந்த பெண் மிகவும் பண்பாகப் பேசினாள். மகளின் பாஸ்போட் விபரம் கேட்டாள். ஏதாவது மருந்து எடுக்கிறாளா என்று கேட்டாள். அவளைப் பார்க்க ஆள் அனுப்பக் கேட்டிருக்கிறோம் என்றாள். அது அவ்வளவும் எனக்குத் தேன் மாதிரி இருந்தது. பிறகு நான், "என் பெறாமகனும் அவளோடு இருக்கிறான்," என்றேன்.

"அவர் பிரிட்டிஷ் பிரஜையா?"

"இல்லை."

"மன்னிக்க வேண்டும். அவர் விஷயத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது."

நான் நன்றி சொன்னேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் மகளின் காரியம் தள்ளிப் போய்விடுமோ என்று பயந்தேன். போனை வைத்த பிறகு குசினியில் நின்று, அவளைத் தா, அவளை மட்டும் தந்தால் போதும் என்று சாமிப்படத்தைப் பார்த்துச் சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். மட்டும் என்ற சொல்லையும் சொன்னேன்.

அன்று அக்கா கேட்டாள், "எங்கட பிள்ளையையும் சேத்துத்தானே கேட்டனி?"

"ஓம் அக்கா."

"வெள்ளைக்காரர் சொன்னால் கேப்பாங்கள்," என்றாள் அவள். "உன்ர மகளோடை பிடிபட்டது ஒரு விதத்திலை நல்லது. தனிய எண்டால் ஆர் கேக்கிறது?"

வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் குட்மேய்ஸில் கடை வைத்திருக்கிறார். முதலில் பிரான்ஸில் இருந்தவர், பிறகு இங்கே வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டல் கட்டியிருக்கிறார், நல்லாக ஓடுகிறது. அங்கே பெரிய இடங்களில் ஆட்களைத் தெரியும் என்று சொல்லுவார். அவரைத்தான் வரச் சொன்னோம். ஒரு பெட்டி மீன் பணிஸோடு வந்தார். செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி மெதுவாகச் சப்பாத்தைக் கழற்றினார்.

"பயப்பிடாதேங்கோ," என்றார். "நான் ஒராளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறன். பிள்ளை பிரிட்டிஷ். ரெண்டொரு நாளிலை விட்டிடுவாங்கள்."

"மற்றவன்?" என்றார் வீட்டுக்காரர்.

"அவன்..." அவர் பணிஸ் ஒன்றை எடுத்துப் பிய்த்தார். "அவன் அங்கத்தைப் பெடியன். விசாரிப்பாங்கள். ஒண்டும் இல்லாட்டி விடுவாங்கள்தானே."

"எப்ப விடுவாங்கள்?"

"அதை நான் என்னண்டு சொல்லுறது."

பிறகு அவரே தொடங்கினார். பேச்சு நிற்பது அவருக்கு ஒத்துவராது. "நான் உள்ளதைச் சொல்லுறன். நான் வருஷத்திலை ரெண்டு மூண்டு தரம் போறன். ஒருத்தன் என்னை மறிச்சதில்லை. இஞ்ச இருக்கிறவை சட்டத்தை எடு, ஆமியை எடு எண்டு கத்தினம். எடுத்தால் என்ன நடக்கும்? இப்பவே வாளோடை திரியிறாங்கள் பெடியள். கஞ்சா வந்து இறங்குது. ஆமி போனால் என்ர ஹோட்டல் கண்ணாடி ஒண்டும் மிஞ்சாது."

"கஞ்சா பிடிக்கிறதுக்குப் பொலிஸ் இருக்கு அண்ணை," என்றார் வீட்டுக்காரர். "அவங்களுக்கு உந்தச் சட்டம் தேவையில்லை. கோட்டிலை வழக்கு வைக்கலாம், மறியலிலை அடைக்கலாம். கிணத்தைப் படமெடுத்த பிள்ளைக்கு ஏன் அந்தச் சட்டம்?"

"முகாமைப் படமெடுத்தால் எந்த நாட்டிலையும் பிடிப்பாங்கள்."

"எந்த நாட்டிலை அண்ணை முகாமுக்கு முன்னாலை ஆமி வடை விக்குது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்திருக்கும், வேறொரு நாளென்றால். மேசையில் அவருடைய இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று பெரியது, மற்றது பழைய சின்னப் போன். வீட்டுக்காரர் சின்னதை விரலால் தொட்டார்.

"இது என்னத்துக்கு?"

"அது... ஊருக்குப் போகேக்க கொண்டுபோறது."

"ஏன், பெரிசு அங்க வேலை செய்யாதோ?"

அவர் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. போகும்போது என் தலையில் கை வைத்தார். ஒருத்தனும் மறித்ததில்லை என்று சொன்ன அந்த மனிதர், ஒவ்வொரு தரமும் மறிப்பார்கள் என்று நினைத்துத்தான் விமானம் ஏறுகிறார்.

பிறகு வந்த நாட்களை நான் ஒழுங்காகச் சொல்ல முடியாது. வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்ற பயத்தில்தான் போனேன். அங்கும் அதைத்தான் பார்த்தேன். அவனுடைய பெயரைத் திறப்பேன். செய்தி அழிக்கப்பட்டது. அந்த ஒரு வரிதான். கடைசியாக எப்போது பார்த்தான் என்பதும் தெரியவில்லை. அந்தச் செய்தி ஏழெட்டு நிமிடம் அங்கே இருந்திருக்கும், அல்லது அதைவிடக் குறைவாக. போன் ஒரு மேசை லாச்சிக்குள் இருந்திருக்கலாம். சாரத்தின் மடிப்புக்குள் இருந்திருக்கலாம். சார்ஜ் முடிந்திருக்கலாம் என்று நினைப்பேன். ஆனால் இரண்டாவது குறி விழுந்ததை நான் கண்டேனே. சார்ஜ் முடிந்த போனில் அது விழாது.

ஒரு நாள் ஒரு கிழவரின் தட்டில் காலைக் குளிசையை இரவுப் பக்கத்தில் போட்டுவிட்டேன். மருந்தாளர் பார்த்துவிட்டார். குஜராத்தி மனிதர், என்னைவிட வயதில் சின்னவர். தட்டை வாங்கித் தானே சரிசெய்துவிட்டு, "அன்ரி, வீட்டுக்குப் போங்கள்," என்றார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஊரில் ஒரு வழக்கறிஞரை அக்கா பிடித்தாள். அவர் என்னோடும் பேசினார். களைத்துப்போன குரல். அந்தச் சட்டத்தில் உள்ளே போன எத்தனையோ பேரின் தாய்மாரோடு பேசிய குரலாக இருக்க வேண்டும். மகளை விடுவது நடக்கும் என்றார். மற்றவனைப் பற்றிக் கேட்டேன்.

"போனிலை ஏதோ எடுத்திருக்கினம் எண்டு சொல்லுகினம். என்னவெண்டு எனக்குக் காட்டேல்லை. காட்டவேணும் எண்டு அந்தச் சட்டத்திலை இல்லை."

"ஏதாவது படமோ?"

"உங்களுக்கு என்னண்டு தெரியும்?" என்று கேட்டார்.

"தெரியாது. சும்மா கேட்டன்."

அவர் "அம்மா, போனிலை சும்மா ஒண்டும் கேக்காதேங்கோ," என்றார்.

வெளிநாட்டிலிருந்து கையெழுத்து வைக்காமல் கவனமாக இருந்தவள் நான். சட்டத்தை எடுக்கச் சொல்லிக் கத்தியவளின் போனில் ஒன்றும் இல்லை. கவனமாக இருந்தவளின் விரல்தான் அந்தச் செய்தியை அனுப்பியது. அக்கா தன் தம்பியின் படத்தைக் கேட்டது குற்றமா? நான் அனுப்பியது குற்றமா? அவன் அழிக்காமல் வைத்திருந்தது குற்றமா? எந்த வீட்டில் செத்த பிள்ளையின் படம் இல்லை? இதை ஒரு நீதிபதிக்கு முன்னால் கேட்டால் அவர் ஒரு பதில் சொல்ல வேண்டி வரும். அந்தச் சட்டம் செய்வது அதுதான், கேட்கிற இடத்துக்கே அவனைக் கொண்டுபோகாது. சட்டத்தை எடுக்க வேண்டுமா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் எனக்கு வாதம் ஒன்றும் வராது. அந்த அழிக்கப்பட்ட செய்தியைக் காட்டுவேன்.

மகளை விட்டுவிட்டார்கள் என்று தூதரகப் பெண் சொன்னபோது நான் நிலத்தில் இருந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் குசினித் தரையில் இருந்து அழுதோம். அழுது முடிய அவர் கேட்டார், "அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

நான்தான் சொன்னேன். அக்கா நல்லது என்றாள். உண்மையாகவே சொன்னாள். "பிள்ளை பத்திரமா வந்து சேரட்டும். கொழும்புக்குப் போய் நான் அவளைப் பாக்கிறன். உனக்கு என்ன வேணும், மிளகாய்த்தூள் முடிஞ்சிருக்குமே?"

"அக்கா, இப்ப ஏன் தூள்?"

"வறுத்து வைச்சிருக்கிறன். கிடந்து என்ன செய்யுறது."

ஹீத்ரோவில் வருகிறவர்களின் கதவுக்கு முன்னால் நின்றோம். கொழும்பு விமானத்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டால் வாசனையிலேயே தெரியும். பெட்டிகளுக்குள் கருவாடும் தூளும் பனங்கட்டியும். குடும்பங்கள் வந்தன, தள்ளுவண்டியில் கிழவிகள் வந்தார்கள், பூச்செண்டு வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் எல்லாருக்கும் கடைசியில் வந்தாள். அக்காவின் சட்டை ஒன்று போட்டிருந்தாள், தோளில் தொய்ந்தது. பெரிய பெட்டியைக் காணவில்லை. கையில் ஒரு பொலித்தீன் பை மட்டும். நான் கட்டிப்பிடித்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாவை விடேல்லை," என்றாள்.

"தெரியும் பிள்ளை. வழக்கறிஞர் பாக்கிறார்."

கார் நிறுத்திய இடத்துக்கு நடந்தோம். வீட்டுக்காரர் டிக்கெட் மெஷினில் நின்ற நேரம் நாங்கள் இரண்டு பேரும் காருக்குள் இருந்தோம். அவள் முன்சீற்றில் இருந்தாள், நான் பின்னால். அவள் திரும்பிப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முதல் நாள் ஒண்டும் நடக்கேல்லை அம்மா. நல்லாத்தான் கதைச்சவங்கள். பிஸ்கட் தந்தவங்கள். என்ர போனைப் பாத்தாங்கள், ஒண்டும் இல்லை. ஏன் இவ்வளவு கிளீனா இருக்கு எண்டு ஒருத்தன் பகிடி விட்டவன். கிணத்தின்ர படத்தை அழிக்கச் சொன்னாங்கள், அழிச்சன். போங்கோ எண்டு சொல்லிட்டாங்கள். அண்ணா ஹெல்மெட்டையும் போட்டிட்டார். அவற்ற போன் மேசையிலை கிடந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினவர்."

நான் அவளுடைய தலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமயிர் சிக்குப் பிடித்திருந்தது.

"அப்பதான் அது வெளிச்சம் வந்தது. சின்னம்மா லண்டன் எண்டு உங்கட பேர். ஒருத்தனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். பலமா வாசிச்சான். வாசிச்சு முடியக் கொஞ்ச நேரத்திலை அது தானா இல்லாமல் போச்சு. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். பிறகு ஒருத்தன் அண்ணாவின்ர ஹெல்மெட்டைக் கழட்டி மேசையிலை வைச்சிட்டு, எந்த மாமா எண்டு கேட்டான்."

"அவன் என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

"தனக்கு மாமா இல்லை எண்டு சொன்னவர். படத்திலை இருக்கிறது ஆரெண்டு தெரியாது, இன்டர்நெட்டிலை எடுத்தது, சின்னம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை எண்டு சொன்னவர். பிறகு என்னை வேற அறைக்குக் கொண்டு போட்டாங்கள். அதுக்குப் பிறகு நான் அவரைக் காணேல்லை."

வெளியே வீட்டுக்காரர் மெஷினோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அது டிக்கெட்டை எடுத்து எடுத்துத் திருப்பித் தந்தது.

மகள் மடியிலிருந்த பொலித்தீன் பையைத் தூக்கி, திரும்பாமலே எனக்கு நீட்டினாள். உள்ளே பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே இரண்டு பை போட்டு, நூலால் கட்டிய மிளகாய்த்தூள். இன்னும் லேசாகச் சூடு இருப்பது போலத் தோன்றியது. இருந்திருக்காது.

"பெரியம்மா எயார்போட்டுக்கு வந்தவா," என்றாள் மகள். "என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவா. ஏன் பிள்ளை, முகாமிலை என்ன நடந்தது எண்டு கேட்டவா. நான் சொல்லேல்லை அம்மா. நீங்கள்தான் சொல்லவேணும்."